எட்டுக் கலை

வட்டம் ஒன்றை 360 பாகையாகப் பிரிக்கிறோம். ஒரு பாகையை மீண்டும் 60 பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்குக் கலை என்று பெயர். பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கமுள்ள வீடுகளில் இந்தச் சொல் புதிதன்று. வானத்தில் நாம் காணும் முழுநிலவின் அகலம் சுமார் 30 கலை. அப்படியானால் 8 கலை என்பது நிலவின் அகலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. இதைக் கண்ணால் காண விரும்பினால், பத்துக் காசு நாணயம் ஒன்றை நண்பர் கையில் கொடுத்து, சுமார் எட்டு மீட்டர் தள்ளி நின்று பிடிக்கச் சொல்லுங்கள். அந்த நாணயம் உங்கள் கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ, அதுதான் எட்டுக் கலை.

நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர், தாம் அரும்பாடுபட்டுக் கட்டிய கணக்கில் இந்த அளவுக்குப் பிழை இருக்கக் கண்டார். அவர் காலத்தில் வழக்கில் இருந்த வானநூல் வாய்பாடுகள் செவ்வாயின் இடத்தைச் சில வேளைகளில் பல பாகை தவறாகக் காட்டின. அவற்றோடு ஒப்பிட்டால் எட்டுக் கலை ஒரு பிழையே ஆகாது. வெளியே சொல்லாமல் விட்டிருந்தால் கேட்பார் யாருமில்லை. ஆயினும் அவர் அந்தக் கணக்கை அப்படியே ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அவர் பெயர் ஜோகன்னஸ் கெப்ளர். அவருடைய வாழ்க்கைப் பணியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கெப்ளர் 1571ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், தென் ஜெர்மனியில் வைல் டெர் ஷ்டாட் என்ற சிற்றூரில் பிறந்தார். குறைமாதப் பிள்ளை. தந்தை கூலிக்காகப் போருக்குப் போகும் படைவீரர். போவதும் வருவதுமாக இருந்தவர், மகன் இளைஞனாகும் வேளையில் போனார், திரும்பவே இல்லை. தாய் கத்தரீனா ஒரு சத்திரக்காரரின் மகள். பச்சிலை மருந்துகள் அறிந்தவர். சிறு வயதில் வந்த பெரியம்மை கெப்ளரின் கண்களைக் கெடுத்துவிட்டது. பார்க்கும் பொருள் ஒன்று பலவாகத் தெரியும். வானத்தை ஆராயப் பிறந்தவருக்கு வாய்த்த கண் இப்படி!

1577இல் பெரிய வால்நட்சத்திரம் ஒன்று தோன்றியது. ஆறு வயது நிரம்பாத மகனைத் தாய் கத்தரீனா ஒரு மேட்டுக்கு அழைத்துச் சென்று அதைக் காட்டினார். அதே வால்நட்சத்திரத்தை டென்மார்க்கில் ஒரு தீவில் இருந்தபடி வேறொருவர் அளந்து கொண்டிருந்தார். அவர் டைக்கோ பிராஹே. இந்த இருவரும் நேரில் சந்திக்க இன்னும் 22 ஆண்டுகளுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது.

ஏழைப் பையனாயினும் படிப்பில் கெட்டிக்காரன் என்பதால், அரசின் உதவித்தொகை கெப்ளரைத் தியூபிங்கன் பல்கலைக்கழகம் வரை கொண்டுசென்றது. சமயப் போதகர் ஆவதே அவருடைய எண்ணம். அங்கே கணிதம் கற்பித்த மெஸ்ட்லின் என்ற பேராசிரியர், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கொள்கையை அவருக்கு எடுத்துரைத்தார். கோப்பர்நிக்கஸின் நூல் 1543இலேயே வெளிவந்துவிட்டது. ஆனால் அதை ஒப்புக்கொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கெப்ளர் அந்தச் சிலரில் ஒருவரானார். சமயப் படிப்பு முடியுமுன்பே, 1594இல், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகருக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார்.

ஆசிரியர் வேலையோடு ஆண்டுதோறும் நாட்காட்டி கணித்துப் பலன் எழுதும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. 1595க்கு அவர் கணித்த முதல் நாட்காட்டியில் கடுங்குளிர் வரும், துருக்கியர் படையெடுப்பார்கள் என்று எழுதினார். இரண்டும் நடந்துவிட்டன. ஊரில் பெயர் கிடைத்தது. ஆனால் இந்தப் பலன்களைப் பற்றி அவருக்கே பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. கோள்களின் நிலைக்கும் மண்ணில் நிகழ்வதற்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று அவர் கடைசிவரை எண்ணியது உண்மை; ஆனால் ஊர் ஊராக விற்ற சோதிடத்தை, வானநூல் என்னும் தாய்க்குச் சோறு தேடித்தரும் அசட்டு மகள் என்றே கருதினார். சம்பளம் ஒழுங்காக வராத மனிதருக்கு அந்த மகளையும் விட்டுவிட வழியில்லை.

கிராட்ஸில் இருந்தபோது, 1595 ஜூலையில், வகுப்பில் கரும்பலகையில் ஒரு படம் வரைந்து கொண்டிருந்த வேளையில் அவருக்கு ஓர் எண்ணம் மின்னியது. அப்போது தெரிந்த கோள்கள் பூமியையும் சேர்த்து ஆறு. ஆறு கோள்களுக்கு இடையே ஐந்து இடைவெளிகள். எல்லா முகங்களும் ஒரே மாதிரி அமைந்த ஒழுங்கான திண்ம வடிவங்களும் ஐந்துதான் உண்டு. அந்த ஐந்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித்தான் இறைவன் கோள்களின் தூரங்களை அமைத்திருக்கவேண்டும் என்று கெப்ளர் முடிவு கட்டினார். 1596இல் அதை நூலாகவே வெளியிட்டார். எண்ணம் அழகானது, உண்மையில் தவறானது. 1781இல் யுரேனஸ் என்ற ஏழாவது கோள் கண்டுபிடிக்கப்பட்டதும் அதன் அடிப்படையே ஆடிப்போயிற்று. கெப்ளருக்கோ அந்த எண்ணத்தின் மேல் இருந்த காதல் சாகும்வரை தீரவில்லை. ஆனாலும் அந்த நூலில் ஒரு புதிய கேள்வி இருந்தது. கோள்கள் எங்கே இருக்கின்றன என்பதோடு நிற்காமல், ஏன் அங்கே இருக்கின்றன என்று கேட்டது அது. நூலின் படி ஒன்று டைக்கோ பிராஹேக்கும் போய்ச் சேர்ந்தது.

டைக்கோவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அவர் டென்மார்க்கின் பிரபு குடும்பத்தவர். இளமையில் வாள்சண்டை ஒன்றில் மூக்கின் ஒரு பகுதியை இழந்து, அந்த இடத்தில் உலோகத்தால் செய்த மூக்கைப் பொருத்திக்கொண்டவர். டென்மார்க் மன்னர் 1576இல் வென் என்ற தீவையே அவருக்குக் கொடுத்தார். அங்கே உரானிபோர்க் என்னும் மாளிகையைக் கட்டி, ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட அளவுகருவிகளை நிறுவி, இருபது ஆண்டுகள் வானத்தை அளந்தார். தொலைநோக்கி இன்னும் பிறக்காத காலம் அது. வெறும் கண்ணாலும், பித்தளையாலும் மரத்தாலும் ஆன கருவிகளாலும் அளந்தும், அவர் அளவுகள் ஒன்றிரண்டு கலைக்குள் துல்லியமாக இருந்தன. அதற்கு முன் உலகில் யாரிடமும் அத்தகைய ஏடுகள் இருந்ததில்லை. புதிய மன்னரோடு மனத்தாங்கல் ஏற்பட்டுத் தீவை விட்டு வெளியேறியவர், 1599இல் பிராக் நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்பின் அரண்மனைக் கணிதரானார்.

அளவுகள் டைக்கோவிடம் இருந்தன. அவற்றிலிருந்து பொருள் காணும் கணிதம் கெப்ளரிடம் இருந்தது. 1600 பிப்ரவரி 4ஆம் நாள், பிராகுக்கு அருகே பெனாட்கி கோட்டையில் இருவரும் சந்தித்தனர். அதே ஆண்டில் கிராட்ஸில் இருந்த புராட்டஸ்டண்டு சமயத்தவர் மதம் மாறவேண்டும், இல்லையேல் வெளியேறவேண்டும் என்று ஆணை பிறந்தது. கெப்ளர் மாற மறுத்து, குடும்பத்தோடு பிராகுக்கே வந்துவிட்டார்.

இருவரும் ஒத்துப்போனார்கள் என்று சொல்ல முடியாது. டைக்கோ தம் ஏடுகளை எளிதில் காட்டமாட்டார். சாப்பாட்டு மேசையில் பேச்சுவாக்கில் இன்று ஒரு கோளைப் பற்றி ஓர் எண், நாளை வேறொரு கோளைப் பற்றி ஓர் எண் என்று உதிர்ப்பாராம். கெப்ளர் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். சில நாள் சண்டையும் போடுவார். கடைசியில் டைக்கோ செவ்வாயின் கணக்கை அவரிடம் ஒப்படைத்தார். எல்லாக் கோள்களிலும் அடங்காத பிள்ளை செவ்வாய்தான். கெப்ளர் எட்டே நாளில் முடித்துக் காட்டுவதாகப் பந்தயம் கட்டினார். ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

செவ்வாயில் என்ன சிக்கல்? செவ்வாய் வக்கிரம் அடைந்தது என்று பஞ்சாங்கத்தில் படித்திருப்பீர்கள். விண்மீன்களுக்கு இடையே கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் கோள், ஒருநாள் நின்று, பின்னோக்கிப் போய், மறுபடி நின்று, முன்னோக்கி வருகிறது. உண்மையில் அது பின்னோக்கிப் போவதில்லை. நெடுஞ்சாலையில் நம் வண்டி வேகமாகச் சென்று பக்கத்து வண்டியை முந்தும்போது, அந்த வண்டி பின்னால் நழுவுவது போலத் தோன்றுகிறதல்லவா? பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடிச் செவ்வாயை முந்தும்போது அதுவே நிகழ்கிறது. இதைக் கோப்பர்நிக்கஸ் விளக்கிவிட்டார். ஆனால் செவ்வாய் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் போகவில்லை. அதுதான் எஞ்சி நின்ற புதிர். வானில் நடப்பதெல்லாம் வட்டமாகவும் சீராகவும்தான் இருக்கவேண்டும் என்பது இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கை. கோப்பர்நிக்கஸும் அதைக் கைவிடவில்லை. வட்டத்தின் மேல் சிறு வட்டம் ஏற்றி ஒட்டுப்போட்டுத்தான் அவரும் சமாளித்தார்.

1601 அக்டோபர் 24ஆம் நாள் டைக்கோ இறந்தார். தம் வாழ்வு வீணாகிவிடக்கூடாதே என்று கடைசி இரவில் திரும்பத் திரும்பப் புலம்பியதாகக் கெப்ளர் குறித்து வைத்திருக்கிறார். சூரியன் பூமியைச் சுற்ற, மற்றக் கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்பது டைக்கோவின் சொந்தக் கொள்கை. அதை நிலைநாட்டும்படியும் கெப்ளரைக் கேட்டுக்கொண்டார். பதவி கெப்ளருக்கு வந்தது. ஏடுகளுக்கு வாரிசுகள் உரிமை கொண்டாடினர். அவர்கள் அசந்திருந்த நேரம் பார்த்து ஏடுகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டதைப் பின்னாளில் கெப்ளரே ஒரு கடிதத்தில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். அது சரியா தவறா என்று வழக்கறிஞர்கள் சொல்லட்டும். அந்த ஏடுகள் வாரிசுகளின் பெட்டிக்குள் கிடந்திருந்தால் வானநூல் எத்தனை காலம் காத்திருந்திருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கிறேன்.

கெப்ளர் முதலில் மரபு வழியிலேயே சென்றார். செவ்வாய்க்கு ஒரு வட்டம் போட்டார். சூரியனை மையத்தில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தார். எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் செவ்வாய் சீரான வேகத்தில் போவது போலத் தெரியும் என்று வேறொரு புள்ளியையும் தேடினார். கணிப்பொறி இல்லை, மடக்கைக்கூட இன்னும் வெளிவரவில்லை. எல்லாம் கைக்கணக்கு. ஒரு முறை கணக்குப் போட்டுப் பொருந்தாவிட்டால் புள்ளிகளைச் சற்று நகர்த்தி மீண்டும் முதலிலிருந்து போடவேண்டும். இப்படிக் குறைந்தது எழுபது முறை போட்டார். படிப்பவருக்கு இது சலிப்பாக இருந்தால், எழுபது முறை போட்ட என்மேல் இரக்கம் கொள்ளுங்கள் என்ற பொருளில் நூலிலேயே எழுதியும் வைத்தார்! முடிவில் வெற்றி கிடைத்தது. செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வந்த பத்து வேளைகளை டைக்கோ அளந்து வைத்திருந்தார். அந்தப் பத்தும் புதிய கணக்கோடு இரண்டு கலைக்குள் பொருந்தின. அதற்குமுன் யாரும் செவ்வாயை இவ்வளவு நெருக்கமாகப் பிடித்ததில்லை.

வேறொருவராக இருந்தால் அச்சகத்துக்கு ஓடியிருப்பார். கெப்ளர் இன்னொரு சோதனை செய்தார். இதே டைக்கோவின் வேறு அளவுகளைக் கொண்டு, செவ்வாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். பொருந்தவில்லை. தூரம் சரியாகும்படி வட்டத்தை நகர்த்தினால் திசை கெட்டது. சில இடங்களில் எட்டுக் கலை வரைக்கும் தவறியது.

இந்த இடத்தில்தான் கெப்ளர் யார் என்பது விளங்குகிறது. பழைய தாலமியின் அளவுகளே பத்துக் கலை வரை பிழைபட்டவை. அவற்றை நம்பியிருந்தவருக்கு எட்டுக் கலை ஒரு பொருட்டே அல்ல. ஆனால் டைக்கோ எட்டுக் கலை தவறமாட்டார் என்பது கெப்ளருக்குத் தெரியும். பிழை வானத்தில் இல்லை, டைக்கோவின் ஏட்டில் இல்லை. ஆகவே தம் வட்டத்தில்தான் இருக்கவேண்டும். ஒத்துவராத அளவை ஒதுக்கித் தள்ள மனமில்லாமல், எழுபது முறை போட்ட கணக்கை ஒதுக்கித் தள்ளினார். அந்த எட்டுக் கலைதான் வானநூல் முழுவதையும் புதுப்பிக்க வழிகாட்டியது என்று பிறகு நன்றியோடு குறிப்பிட்டார்.

அடுத்து அவர் செய்தது, என் கருத்தில், அவருடைய கண்டுபிடிப்புகளிலேயே மிகச் சாமர்த்தியமானது. செவ்வாயைப் பார்க்கும் நாம் ஓடுகிற பூமியின் மேல் நின்றல்லவா பார்க்கிறோம்? நம் பாதை சரியாகத் தெரியாமல் செவ்வாயின் பாதை எப்படித் தெரியும்? எனவே முதலில் பூமியை அளக்கவேண்டும். செவ்வாய் ஒருமுறை சூரியனைச் சுற்றிவர 687 நாள் ஆகிறது. ஆகவே 687 நாளுக்கு ஒருமுறை செவ்வாய் தன் பாதையில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பூமியோ அந்நாளில் வேறு இடத்தில் இருக்கும். கடலில் போகும் மாலுமி கரையில் உள்ள கலங்கரை விளக்கத்தைப் பார்த்துத் தன் கப்பல் எங்கே நிற்கிறது என்று கணிப்பதுபோல, கெப்ளர் செவ்வாயைக் கலங்கரை விளக்கமாக நாட்டிக்கொண்டு, டைக்கோவின் ஏட்டில் 687 நாள் இடைவெளியில் உள்ள குறிப்புகளைத் தேடி எடுத்து, பூமி ஒவ்வொரு முறையும் எங்கே இருந்தது என்று குறித்தார். மனத்தால் செவ்வாயின்மேல் ஏறி நின்று பூமியைப் பார்த்தார் என்றே சொல்லலாம்.

அப்படிப் பார்த்ததில், பூமியும் சீராக ஓடவில்லை என்று தெரிந்தது. சூரியனுக்கு அருகே இருக்கும்போது விரைகிறது. தொலைவில் இருக்கும்போது தயங்குகிறது. இதற்கு ஆதாரம் உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டித்தான் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருகிறது. நம் வட்டாரத்தில் அப்போது நண்பகலில் நிழல் காலடியில் சுருண்டுவிடும். நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள். மார்ச் 21 முதல் செப்டம்பர் 23 வரை 186 நாள். செப்டம்பர் 23 முதல் மறு மார்ச் 21 வரை 179 நாள்தான். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே, சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15 கோடியே 20 லட்சம் கிலோமீட்டருக்குப் போய்விடுகிறது. அருகே இருக்கும் பாதியை விரைந்து கடப்பதால் ஏழு நாள் குறைகிறது.

எவ்வளவு விரைவு, எவ்வளவு தயக்கம்? அதற்கும் ஒழுங்கு இருந்தது. வட்டமான அப்பம் ஒன்றை நடுவிலிருந்து வெட்டாமல், ஒரு பக்கமாகத் தள்ளியுள்ள புள்ளியிலிருந்து வெட்டுங்கள். ஒரு பக்கத்துத் துண்டு குட்டையாகவும் அகலமாகவும் வரும். எதிர்ப்பக்கத்துத் துண்டு நீளமாகவும் ஒடுக்கமாகவும் வரும். எல்லாத் துண்டும் ஒரே அளவு மாவு இருக்கும்படி வெட்டினால், விளிம்பில் ஒவ்வொரு துண்டின் அகலமும் கோள் ஒரே கால அளவில் கடக்கும் தூரமாகும். சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு, சமமான காலத்தில் சமமான பரப்பைக் கடக்கிறது என்று பாடநூல்கள் இதைச் சொல்கின்றன. கெப்ளரின் இரண்டாம் விதி என்று பெயர் பெற்றாலும், அவர் முதலில் கண்டது இதைத்தான்.

பிறகு பாதையின் வடிவம். வட்டம் இல்லை என்றால் என்ன? முதலில் முட்டை வடிவம் என்று எண்ணி ஓராண்டுக்கும் மேலாக அதனோடு மல்லாடினார். அந்த முட்டையின் கணக்கு கைக்கு அடங்காமல் போகவே, ஒரு வசதிக்காக நீள்வட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார். விடை கையிலேயே இருக்கிறது என்பது அவருக்கு அப்போது புலப்படவில்லை! செவ்வாயின் பாதை வட்டத்திலிருந்து உள்வாங்கியிருந்த அளவு லட்சத்தில் 429 பங்கு. வேறு ஏதோ கோணத்தைக் கணக்கிட்டபோது அதே 429 தற்செயலாக எதிரே வந்து நின்றது. உறக்கத்திலிருந்து விழித்தவரைப்போல ஆனார் கெப்ளர். அதன் பின்னும் ஒருமுறை தடுமாறி, 1605இல் நீள்வட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

நீள்வட்டம் வரைவது எளிது. பலகையில் தாளை விரித்து இரண்டு குண்டூசிகளைச் சிறிது இடைவெளி விட்டுக் குத்துங்கள். நூலை வளையமாக முடிந்து இரண்டு ஊசியையும் சுற்றிப் போட்டு, பென்சில் முனையால் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி சுற்றி வாருங்கள். கிடைப்பது நீள்வட்டம். ஊசி இருக்கும் இடங்களுக்குக் குவியம் என்று பெயர். ஒரு குவியத்தில் சூரியன் இருக்கிறது. மற்றதில் ஒன்றுமே இல்லை. பாடநூல் படங்களில் கோள்களின் பாதையை வாழைப்பழம் போல நீட்டிப் போட்டுவிடுகிறார்கள், அதை நம்பிவிடாதீர்கள். செவ்வாயின் பாதையை ஒரு மீட்டர் நீளத்துக்கு வரைந்தால், அதன் அகலம் நாலரை மில்லிமீட்டர்கூடக் குறையாது. கண்ணால் பார்த்து வட்டம் அல்ல என்று யாராலும் சொல்ல முடியாது. சூரியன் மட்டும் நடுவிலிருந்து நாலரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளி இருக்கும். இந்த நுட்பமான வேறுபாட்டைத்தான் அந்த எட்டுக் கலை காட்டிக் கொடுத்தது.

நூல் உடனே வெளிவரவில்லை. டைக்கோவின் மருமகன் குறுக்கே நின்றார். ஒருவழியாகச் சமரசம் ஏற்பட்டு, ‘புதிய வானநூல்’ என்ற பொருள்படும் பெயரோடு 1609இல் அச்சாயிற்று. உலகம் அதைக் கொண்டாடவில்லை. படித்தவர்கள் மிகக் குறைவு. அடுத்த ஆண்டு கலிலியோ தொலைநோக்கியில் வியாழனின் நிலவுகளைக் கண்டு அறிவித்தபோது, நேரில் பார்க்க வாய்ப்புக் கிட்டும் முன்பே அவரை ஆதரித்து எழுதியவர் கெப்ளர். கலிலியோவோ நீள்வட்டத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. வட்டத்தை விட அவருக்கும் மனம் வரவில்லை. கெப்ளர் ஒளியியலிலும் பெரும்பணி செய்தார். கண்ணுக்குள் விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுகிறது என்று 1604இல் விளக்கியதும், இரண்டு குவிவில்லைகள் கொண்ட தொலைநோக்கியை 1611இல் விவரித்ததும் அவரே.

அந்த 1611 அவருக்குக் கொடிய ஆண்டு. ஆறு வயது மகன் பெரியம்மையில் இறந்தான். மனைவி பார்பரா இறந்தார். ஆதரித்த பேரரசர் அரியணை இழந்தார். கெப்ளர் பிராகை விட்டு லின்ஸ் நகருக்குப் போய் மறுமணம் செய்துகொண்டார். 1618 பிப்ரவரியில் கைக்குழந்தை ஒன்றையும் மண்ணுக்குக் கொடுத்தார். வாய்பாடு கணிக்கும் இயந்திர வேலையில் அப்போது மனம் செல்லவில்லை என்று, கோள்களின் இசைவைப் பற்றிய ஆராய்ச்சியைக் கையில் எடுத்தார். அந்த ஆண்டு மே 15ஆம் நாள் மூன்றாம் விதி பிடிபட்டது. எட்டே நாளில், மே 23ஆம் நாள், பிராக் நகரில் அரச அதிகாரிகளைச் சன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். முப்பதாண்டுப் போர் மூண்டது.

மூன்றாம் விதி இதுதான். கோள் ஒன்று சூரியனைச் சுற்ற எடுக்கும் ஆண்டுகளை அதே எண்ணால் பெருக்குங்கள். சூரியனிலிருந்து அதன் தூரத்தை, பூமியின் தூரத்தை ஒன்று எனக் கொண்டு, மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும். வியாழனைப் பாருங்கள். தூரம் 5.2; மூன்று முறை பெருக்கினால் 140.6. காலம் 11.86 ஆண்டு, இரண்டு முறை பெருக்கினால் அதுவும் சுமார் 140.6. இந்த விதிகளுக்குக் காரணம் ஈர்ப்பு விசையே என்று நியூட்டன் 1687இல் நிறுவினார். பூமியைச் சுற்றும் பொருள்களுக்கும் இதே கணக்குத்தான். நிலவு 384,400 கிலோமீட்டர் தூரத்தில் 27.3 நாளில் சுற்றுகிறது. ஒரு நாளில் ஒருமுறை சுற்றி, நம் தலைக்கு மேலே அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் செயற்கைக்கோள் வேண்டுமென்றால் எங்கே வைப்பது? கெப்ளரின் விதிப்படி, நிலவின் தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக. பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 42,000 கிலோமீட்டரில். 1996 ஜனவரியில் விண்ணில் ஏவப்பட்ட மலேசியாவின் மீசாட்-1 நிலைநிறுத்தப்பட்டது அந்தத் தூரத்தில்தான். 2009 முதல் 2018 வரை இயங்கிய கெப்ளர் விண்தொலைநோக்கி மற்ற விண்மீன்களைச் சுற்றும் 2,600க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டது. அவை தம் விண்மீனிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளன என்று கணித்ததும் இந்த விதியைக் கொண்டே.

இத்தனை ஒழுங்கை வானத்தில் கண்டவருக்கு மண்ணில் வாய்த்ததைக் கேளுங்கள். 1615இல், லியோன்பெர்க் என்ற ஊரில் வாழ்ந்த அவர் தாய் கத்தரீனாவின் மேல், சூனியக்காரி என்று பழி சுமத்தினர். அவர் கொடுத்த பானத்தைக் குடித்ததால் நோய் வந்தது என்றாள் அண்டைப் பெண் ஒருத்தி. ஊரில் இறந்த மாட்டுக்கும், முடமான பிள்ளைக்கும், வலித்த காலுக்கும் ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய அந்த மூதாட்டியை 1620 ஆகஸ்டில் சிறையில் அடைத்துச் சங்கிலியிட்டனர். அக்காலத்தில் இந்தக் குற்றத்துக்குத் தண்டனை தீ.

கெப்ளர் லின்ஸில் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். செவ்வாயை விசாரித்த அதே முறையில் சாட்சிகளை விசாரித்தார். நோய் எப்போது தொடங்கியது, பானம் கொடுத்ததாகச் சொல்லும் நாள் எது, அந்தப் பிள்ளை என்ன சுமை தூக்கியது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, நோய்க்கு இயற்கையான காரணம் இருந்ததை எழுத்தில் எடுத்துக்காட்டினார். 1621 செப்டம்பரில் கத்தரீனாவின் எதிரே சித்திரவதைக் கருவிகளை வைத்து, இன்னது இன்னதற்கு என்று விளக்கி மிரட்டினர். அந்தத் தாய் அசையவில்லை. ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லை என்று நின்றார். பதினான்கு மாதச் சிறைக்குப் பின் விடுதலை கிடைத்தது. அடுத்த ஏப்ரலில் இறந்துபோனார். வால்நட்சத்திரம் காட்டிய தாய் அவர்.

எஞ்சிய பெரும்பணி, டைக்கோவுக்கும் பேரரசருக்கும் வாக்களித்திருந்த ருடால்ப் வாய்பாடுகள். எந்த நாளில் எந்தக் கோள் எங்கே இருக்கும் என்று கணிக்கும் நூல். 1614இல் நேப்பியர் வெளியிட்ட மடக்கை இப்போது அவருக்குக் கைகொடுத்தது. 1626இல் லின்ஸ் முற்றுகையிடப்பட்டு அச்சகம் தீக்கிரையானது. கையெழுத்துப்படி பிழைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு உல்ம் நகருக்குப் போய் 1627இல் அச்சிட்டு முடித்தார். முகப்பில் டைக்கோவின் பெயருக்கு முதலிடம் கொடுத்திருந்தார்.

அந்த வாய்பாடுகளைக் கொண்டு கணித்தபோது, 1631 நவம்பர் 7ஆம் நாள் புதன் கோள் சூரியனின் முகத்துக்குக் குறுக்கே கடந்து செல்லும் என்று விடை வந்தது. அதுவரை எவரும் கணித்துப் பார்த்திராத காட்சி. 1629இல் சிறு நூல் ஒன்றை வெளியிட்டு வானநூலாருக்கு அறிவித்தார். கணக்கில் சிறு பிழை இருக்கக்கூடும், ஆகவே முந்திய நாளிலிருந்தே கவனித்து வாருங்கள் என்றும் சொல்லிவைத்தார்.

1630 இலையுதிர் காலத்தில், தமக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டுப்பெறக் குதிரையில் புறப்பட்ட கெப்ளர், ரேகன்ஸ்பர்க் நகரில் காய்ச்சல் கண்டு நவம்பர் 15ஆம் நாள் இறந்தார். வயது 58. ஊருக்கு வெளியே புதைத்தார்கள். சில ஆண்டுகளில் போர் அந்தக் கல்லறைத் தோட்டத்தையே அழித்துவிட்டது. அவருடைய கல்லறை இன்று இல்லை.

மறு ஆண்டு பாரிஸ் நகரில் பியேர் கசெந்தி என்ற அறிஞர் ஓர் அறையை இருட்டாக்கி, தொலைநோக்கி வழியே சூரியனின் உருவத்தை வெள்ளைத் தாளில் விழச்செய்து காத்திருந்தார். நவம்பர் 5ஆம் நாளும் 6ஆம் நாளும் வானம் மூடிக் கிடந்தது. 7ஆம் நாள் காலை மேகம் விலகியபோது தாளில் ஒரு கரும்புள்ளி. எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியதாக இருந்ததால், சூரியனில் வழக்கமாகத் தோன்றும் புள்ளிகளில் ஒன்று என்று நினைத்தார். சற்று நேரம் கழித்துப் பார்த்தார்; புள்ளி நகர்ந்திருந்தது. மறுபடி பார்த்தார், இன்னும் நகர்ந்திருந்தது. பழைய வாய்பாடுகள் அன்றைய புதனின் இடத்தில் ஐந்து பாகை அளவுக்குத் தவறியிருந்தன. கெப்ளரின் வாய்பாடு கால் பாகைக்குள் பொருந்திற்று. அந்தப் புள்ளி முற்பகலிலேயே சூரியனின் விளிம்பைக் கடந்து மறைந்தது.